முகம் ஆணுக்கு, முடி பெண்ணுக்கு: ஒரு சங்க விதி வீழ்ந்த வழக்கு

2014 நவம்பர் 10 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தொழிற்சங்கத்தின் விதிகளில் சிலவற்றை ரத்து செய்தது. அந்த விதிகளும் அவற்றின் நிழலில் வளர்ந்த வழக்கமும் சொன்னது இதுதான்: மும்பைப் படப்பிடிப்புத் தளங்களில் முகத்துக்கு ஒப்பனை செய்பவர் ஆணாக இருக்க வேண்டும், முடியை அலங்கரிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். சாரு குரானா எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கை ஒப்பனைக் கலைஞர்களான பெண்களின் வெற்றி என்றே எல்லோரும் எழுதினார்கள். அது வெற்றிதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் விதியின் இரண்டாம் பாதியிலேயே போய் நிற்கிறது. முடி ஏன் பெண்ணிடம் விடப்பட்டது? அவளுக்குக் கொடுக்கப்பட்ட உரிமையா அது, அல்லது அவள் தாண்டக் கூடாது என்று போடப்பட்ட வேலியா? சிகைத் தொழில் செய்கிறவர்களின் பக்கமிருந்து இந்த வழக்கைப் படித்துப் பார்க்கிறேன்.

அட்டை

மும்பைத் திரையுலகில் வேலை சங்க அட்டையோடு தொடங்குகிறது. ஒப்பனை, உடை, சிகை மூன்றுக்கும் ஒரே சங்கம்: சினி காஸ்ட்யூம் மேக்கப் ஆர்ட்டிஸ்ட்ஸ் அண்டு ஹேர் டிரஸ்ஸர்ஸ் அசோசியேஷன். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றது. அட்டை இல்லாதவர் தளத்தில் வேலை செய்வதைக் கண்டால் சங்கத்தார் தடுப்பார்கள், தண்டம் கேட்பார்கள். ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் ஏற்படும் இழப்பை எண்ணி, தயாரிப்பாளர்களும் சங்கத்தைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே சட்டத்தின் கண்ணில் அது ஒரு தனியார் அமைப்பின் உறுப்பினர் சீட்டு. தொழிலாளிக்கோ அதுதான் பிழைப்பு.

சாரு குரானா லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஒப்பனைப் பள்ளியில் பயின்று வந்தவர். ஒப்பனைக் கலைஞர் அட்டைக்கு விண்ணப்பித்தார், சங்கம் மறுத்தது. இரண்டு தடைகள் குறுக்கே நின்றன. மகாராஷ்டிரத்தில் 5 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற வசிப்பிட விதி ஒன்று. மற்றொன்று, அவர் பெண் என்பது. அதுவரை எந்தப் பெண்ணுக்கும் ஒப்பனைக் கலைஞர் அட்டை தரப்பட்டதில்லை என்பதைச் சங்கமே ஒப்புக்கொண்டது. முகத்தோடும் முடியோடும் தொடர்புடைய வேலைகளில் பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு ஒன்றுதான்: ஹேர் டிரஸ்ஸர்.

அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்தவை அந்நாளைய செய்திகளில் பேசப்பட்டன. முகப்பூச்சுக் கலையில் தேர்ந்த பெண்கள் ஹேர் டிரஸ்ஸர் அட்டையை வாங்கிக்கொண்டு, நடிகையின் வேனுக்குள் மறைவாக ஒப்பனை வேலையையும் செய்தார்கள். சங்கத்தார் சோதனைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும். வேலையின் தரத்தில் யாருக்கும் குறையில்லை. நடிகைகளே விரும்பித்தான் கூப்பிட்டார்கள். பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு தூரிகையை மறைத்த அந்தப் பெண்களை நினைக்கும்போது, அட்டையில் அச்சிட்டிருந்த ‘ஹேர் டிரஸ்ஸர்’ என்ற சொல் ஒரு தொழிலின் பெயராக எனக்குப் படவில்லை. அவர்களை நிறுத்தி வைத்த இடத்தின் பெயராகவே படுகிறது.

சங்கம் சொன்ன காரணம்

பெண்ணை ஒரு வேலையிலிருந்து விலக்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அவளுடைய பாதுகாப்பு. டெல்லியில் மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டம் சொன்னது. அதற்கு ஆதரவாகப் பேசியவர்கள் பாதுகாப்பையே காட்டினார்கள். 2007 டிசம்பரில் அனுஜ் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. காப்பது என்ற பெயரில் பெண்ணின் தேர்வைப் பறிப்பது காப்பாகாது என்பதே அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கம்.

மும்பைச் சங்கம் அப்படிப் பேசவில்லை. அதன் வாதம் நேரடியானது: பெண்களுக்கு ஒப்பனை அட்டை கொடுத்தால் ஆண் ஒப்பனைக் கலைஞர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள், இருவரும் பிழைக்க வேண்டுமென்றால் ஆளுக்கொரு வேலை என்று பிரித்து வைக்கத்தான் வேண்டும். இதைப் படித்தபோது சற்று நேரம் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பெண்ணுக்குத் திறமை இல்லை என்று சங்கம் சொல்லவேயில்லை. அவளுக்கு வாய்ப்புக் கொடுத்தால் எல்லோரும் அவளையே தேடிப் போவார்கள் என்று சொல்லிற்று. ஒரு தொழிலில் பெண்ணின் தகுதியை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொண்ட சாட்சியத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்த ஒப்புதலே அவளைத் தடுப்பதற்கான காரணமாகவும் வைக்கப்பட்டது.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. நாள் கூலிக்கு வேலை செய்யும் ஒப்பனைக் கலைஞரின் அச்சம் உண்மையானது. அவருக்கு மாதச் சம்பளமில்லை. படம் முடிந்தால் அடுத்த அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கூடிச் சங்கம் அமைத்துப் போட்டியைக் குறைக்க நினைப்பது இயல்பு. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். முதலாளியிடம் கேட்க வேண்டியதை, தன்னோடு அதே தளத்தில் நின்று உழைக்கும் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரே சங்கத்தில் ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு எல்லை வகுத்தது. சந்தா இருவரும் கட்டினார்கள்.

நாணம் என்ற வாதம் ஏன் நிற்காது

‘நடிகையின் தலையைத் தொடுவது பெண்ணாக இருப்பதுதானே நல்லது, அதில் என்ன தவறு’ என்று இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது சிலர் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள் என்பதால் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

தளத்தில் ஒப்பனை எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒப்பனைக் கலைஞர் நடிகையின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் நிற்கிறார். இமையைத் தாழ்த்தச் சொல்லி மை தீட்டுகிறார், உதட்டில் வண்ணம் பூசுகிறார். கழுத்து, தோள், முதுகு என்று ஆடை மறைக்காத இடமெல்லாம் நிறம் ஒத்துப்போக வேண்டுமென்றால் அங்கேயும் பூச வேண்டும். இதையெல்லாம் ஆண் மட்டுமே செய்யலாம் என்றது வழக்கம். பின்னால் நின்று, நடிகையின் முகத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து, பின்னலைப் போட்டு ஊசி குத்துகிற வேலைக்கு மட்டும் பெண் வேண்டும் என்றது. நாணம்தான் காரணமென்றால் இந்தப் பங்கீடு நேர் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஆகவே உடலைத் தொடுவது பற்றிய கவலை இந்த விதியைப் பெற்றெடுக்கவில்லை. வேலையின் மதிப்பே பெற்றெடுத்தது. அதிகக் கூலியும் பெயரும் தரும் வேலையை ஆண் வைத்துக்கொண்டார். எஞ்சியது பெண்ணிடம் வந்தது.

எஞ்சியது எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1913இல் தாதாசாகேப் பால்கே எடுத்த முதல் முழுநீள இந்தியப் படத்தில் நாயகியாக நடித்தவர் அண்ணா சாலுங்கே என்ற ஆண்; நடிக்கப் பெண் யாரும் முன்வராததால், உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவரைப் பால்கே அழைத்து வந்தார். நம் நாடக மேடையிலும் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டவர்கள் ஆண்களே. தெருக்கூத்தில் இன்றும் ஆண் கலைஞர் கண்ணாடியைக் கையில் பிடித்துத் தன் முகத்தைத் தானே எழுதி, சவுரி வைத்துத் தானே கொண்டை முடித்துக்கொள்வதைப் பார்க்கலாம். அங்கே முகம் வேறு, முடி வேறு என்ற பிரிவே இல்லை. வேடம் கட்டுவது ஒரே வேலை. பெண்ணின் கொண்டையை முடிக்க ஆணுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக முடித்திருக்கிறார்கள். பெண்கள் திரைக்கு வந்து, படத்தொழில் பெருகி, வேலைகள் தனித்தனி அட்டைகளாக உடைந்தபோது முடி மட்டும் கழன்று பெண்ணின் கைக்குப் போயிற்று.

மொழியிலும் அந்தத் தடம் இருக்கிறது. அலங்கரிக்கும் பெண்ணுக்கு ‘வண்ணமகள்’ என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு. பெண்கள் முடியை ஐந்து வகையாக முடிந்ததால் கூந்தலுக்கே ‘ஐம்பால்’ என்று பெயர்: குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி. இத்தனை நுணுக்கமாக வகை பிரித்த மொழிக்குள் நம் காலத்தில் வந்து அமர்ந்த சொல் ‘மேக்கப்மேன்’. தொழிலின் பெயரிலேயே ஆண் அமர்ந்துவிட்டார். ஒரு பெண் அந்த வேலைக்கு வந்தால் அவளை எப்படி அழைப்பது என்று தளத்தில் தடுமாறினார்கள்.

நீதிமன்றத்தில்

2013இல் சாரு குரானாவும் அவரோடு சில பெண்களும் அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தையே அணுக வழிதரும் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்; ரிட் மனு எண் 73/2013. நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, உதய் உமேஷ் லலித் ஆகியோரின் அமர்வு விசாரித்தது. தீர்ப்புக்குச் சில நாள் முன்பு நடந்த விசாரணையில், நாம் 2014இல் இருக்கிறோம், 1935இல் அல்ல என்று அமர்வு வாய்மொழியாகக் கடிந்துகொண்டது செய்தித்தாள்களில் பரவலாக வந்தது. 60 ஆண்டுகளை எட்டிக்கொண்டிருந்த வழக்கம் அது.

சட்டச் சிக்கல் சிறியதல்ல. சங்கம் அரசு அமைப்பு அல்ல. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிராகவே பேசும். தனியார் சங்கத்தின் விதிப்புத்தகத்துக்குள் அவை எப்படி நுழையும்? அதற்கான வழியைத் தொழிற்சங்கச் சட்டமே தந்தது. சங்கத்தைப் பதிவு செய்பவர் அரசின் பதிவாளர். சங்க விதிகள் அவருடைய பார்வைக்கு உட்பட்டே நிலைபெறுகின்றன. அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, 15 வயது நிறைந்த எவரும் பதிவு பெற்ற சங்கத்தில் உறுப்பினராகலாம் என்றது. சங்க விதிகள் வேறு விதமாகச் சொன்னால் ஒழிய என்ற ஒரு நிபந்தனையும் அதே பிரிவில் இருந்தது. சங்கத்தின் வலு அந்த நிபந்தனையில்தான் இருந்தது. சட்டத்தின்கீழ் பிறந்து, அரசின் பதிவாளர் கைவழியாக வந்த விதி, அரசியலமைப்புக்கு முரணாக நிற்க முடியாது என்று நீதிமன்றம் கண்டது. ஆண், பெண் என்பதை மட்டும் வைத்து வேலையைப் பிரிப்பது சமத்துவம், தொழில் செய்யும் உரிமை, வாழ்வுரிமை ஆகியவற்றைத் தொடுகிறது. 14, 19(1)(ஜி), 21 ஆகிய பிரிவுகள் தீர்ப்பில் திரும்பத் திரும்ப வருகின்றன. உறுப்பினர் தகுதி பற்றிய விதியும் வசிப்பிட விதியும் வீழ்ந்தன.

உத்தரவின் செயற்பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. உரிமையைப் பற்றிப் பேசிவிட்டு நீதிமன்றம் எழுந்து போய்விடவில்லை. 4 வாரங்களுக்குள் மனுதாரர்களை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று கெடு வைத்தது. தளத்தில் பெண் ஒப்பனைக் கலைஞர்களை யாரும் தொல்லை செய்யாமல் காவல்துறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. விதி காகிதத்தில் இருந்தாலும் அதை நடத்திக்காட்டியது தளத்தில் வந்து நின்ற ஆட்கள்தான் என்பதை அமர்வு புரிந்துகொண்டிருந்தது.

முடி வேலை என்றால் என்ன

தீர்ப்பில் நான் தேடிக் கிடைக்காதது ஒன்று உண்டு: சிகைக் கலைஞரின் வேலையைப் பற்றிய பேச்சு. வழக்கு ஒப்பனை அட்டை பற்றியது என்பதால் அது இல்லாததில் வியப்பில்லை. ஆனால் பெண்கள் எந்த வேலைக்குள் அடைக்கப்பட்டார்கள் என்று தெரியாமல், அடைப்பின் முழு வடிவமும் தெரியாது.

படத்தில் ஒரு காட்சி பல நாள் எடுக்கப்படும். காலையில் எடுத்த துண்டும், மூன்று வாரம் கழித்து வேறிடத்தில் எடுத்த துண்டும் திரையில் அடுத்தடுத்து வரும். நெற்றியில் விழுந்த ஒரு கற்றை இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கமா, பின்னல் தோளுக்கு முன்னால் கிடந்ததா, மழைக் காட்சியில் எந்த அளவுக்கு ஈரம், சண்டைக்குப் பிறகு எத்தனை இழை கலைந்திருந்தது என்பதையெல்லாம் சிகைக் கலைஞர் நினைவில் வைத்து மறுபடி கொண்டுவர வேண்டும். முகப்பூச்சைத் துடைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். சூட்டுக் கருவியால் பொசுங்கிய முடியை அன்று மாலைக்குள் திருப்பித் தர முடியாது. அது நடிகையின் சொந்த முடி. விக்கின் விளிம்பு நெற்றியில் தெரியக் கூடாது. சவுரியின் நிறம் வெயிலில் ஒன்றாகவும் விளக்கொளியில் வேறாகவும் தெரியும். இதற்கு நடுவில் மணிக்கணக்காக நின்றுகொண்டிருக்க வேண்டும்; ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையில் ஓடிப்போய்ச் சரிசெய்துவிட்டு ஓடிவர வேண்டும்.

இந்த வேலையை ‘பெண்ணுக்கு இயல்பாக வருவது’ என்று சொன்னார்கள். வீட்டில் மகளுக்குப் பின்னிவிடும் கைதானே என்ற எண்ணம். இயல்பாக வருவதென்றால் அதற்குப் பயிற்சி தேவையில்லை. பயிற்சி தேவையில்லையென்றால் கூலியும் குறைவு. முடி வேலை மலிவாகக் கிடைத்ததற்கு இந்த ஒரு எண்ணம் போதுமானதாக இருந்தது.

ஹாலிவுட்டிலும் ஒரு காலத்தில் இதே பங்கீடு: முகம் பெரும்பாலும் ஆண்களிடம், முடி பெரும்பாலும் பெண்களிடம். இரண்டு தொழிலையும் இணைத்த அவர்களுடைய சங்கம் 1937இல் உருவானது. அதே காலத்தில் நடிகை ஜோன் கிராஃபோர்டின் முயற்சியால் எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்கு வந்த சிட்னி கிலராஃப் என்ற ஆண் அங்கே சிகைப் பிரிவின் தலைவராகிப் பல பத்தாண்டுகள் புகழோடு இருந்தார். ஆண் வந்தபோது முடி வேலைக்குத் தலைமைப் பதவியும் தனிப் பெயரும் வந்ததைக் கவனியுங்கள். ஆஸ்கரில் ஒப்பனைக்கான நிரந்தரப் பிரிவு 1981ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கியது. அந்தப் பிரிவின் பெயரில் ‘சிகையலங்காரம்’ என்ற சொல் சேர்ந்தது 2012இல். 31 ஆண்டுகள்! நம் தேசிய விருதுகளில் ஒப்பனைக் கலைஞருக்கு 2006ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தனி விருது உண்டு. அதன் பெயரில் சிகை இல்லை.

தளத்துக்கு வெளியே அதே ஆண்டு

ஸ்டூடியோ வாயிலைத் தாண்டி வெளியே வந்தால் விதி முற்றிலும் தலைகீழ். நம் ஊர்களில் முடிதிருத்துவது ஆணின் வேலை, அதிலும் பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை. அடைப்பம் என்ற கருவிப் பையில் சவரக்கத்தியும் சாணைக்கல்லும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள், புண்ணுக்கும் கட்டிக்கும் வைத்தியம் பார்த்தவர்கள், நல்லதுக்கும் கெட்டதுக்கும் சடங்கு செய்தவர்கள் முடிதிருத்தும் சமூகத்து ஆண்கள். பெண்கள் மருத்துவச்சிகள், ஊரின் பிள்ளைகளெல்லாம் அவர்கள் கையில்தான் பிறந்தன. மருத்துவர், பண்டிதர் என்ற பெயர்கள் அந்த அறிவைச் சொல்கின்றன. கூலியோ களத்தில் அளந்து போடும் தானியம். மரியாதையோ வாசலோடு சரி. ஒரே குடும்பத்தில் கத்தி ஆணுக்கு, பேறுகாலம் பெண்ணுக்கு என்ற பங்கீடு அது. அங்கே சிகை பெண்ணின் இயல்பான வேலை என்று யாரும் சொன்னதில்லை.

உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே 2014இல், உத்தரப்பிரதேசத்தின் பன்வாரி டோலா கிராமத்தில் ஒரு முடிதிருத்துநர் நோயில் விழுந்தார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய இரு மகள்கள் கடையை எடுத்து நடத்தினார்கள். சிறுமிகளிடம் முகம் மழித்துக்கொள்ள ஆண்கள் தயங்கினார்கள். வந்தவர்களில் சிலர் நடந்துகொண்ட விதமும் சரியில்லை. ஆகவே இருவரும் தங்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பையன்களைப் போல் உடுத்தி, பையன்களின் பெயரை வைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர்கள் கதை வெளியே வந்தது. 2019இல் ஒரு சவரப்பொருள் நிறுவனத்தின் விளம்பரப்படம் அதை நாடெங்கும் கொண்டுபோயிற்று. அதற்கும் வெகுமுன்பே, 1980களில், கோலாப்பூர் மாவட்டத்தில் கணவரை இழந்த ஒரு தாய் தன் பெண்பிள்ளைகளைக் காப்பாற்ற அவருடைய கத்தியை எடுத்தார். முதலில் யாரும் அவரிடம் வரவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

மும்பையில் ஒரு பெண் முகப்பூச்சு வேலைக்கு வர, அவளிடம் முடியைப் பார் என்றார்கள். பன்வாரி டோலாவில் ஒரு பெண் முடி வேலைக்கு வர, அதற்காக அவள் பெண்ணாக இருப்பதையே மறைக்க வேண்டியிருந்தது. சீப்பும் கத்தரியும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மாறியது உட்கார்ந்திருப்பவர் யார், காசு யார் கைக்குப் போகிறது என்பது மட்டுமே. திருமலையில் முடிகாணிக்கை செலுத்தும் பெண்களுக்கு மொட்டையடிக்கப் பெண்களே பணியில் இருக்கிறார்கள். தேவை என்று வந்தபோது ஒரு பெரிய கோயில் நிர்வாகம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. சவரக்கத்தி பெண் கையில் ஆடவில்லை.

சங்கம் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது

தொழிற்சங்கம் என்றால் இப்படித்தான், தன் ஆட்களைக் காப்பதுதானே அதன் வேலை என்று சொல்பவர்களுக்கு 1890ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். அதே மும்பை நகரம். உயர்சாதிக் குடும்பங்களில் கணவர் இறந்ததும் பெண்ணின் தலையை மழிக்கும் வழக்கம் இருந்தது. மழிக்க வருபவர் நாவிதர். ஜோதிராவ் புலேயின் சாதி எதிர்ப்பு இயக்கமான சத்தியசோதக்கைச் சேர்ந்தவரும், 1884இல் மில் தொழிலாளர் சங்கத்தை நிறுவியவருமான நாராயண் மேகாஜி லோகண்டேயின் ஒருங்கிணைப்பில் நூற்றுக்கணக்கான நாவிதர்கள் கூடினார்கள். இனி விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள்.

அவர்கள் இழந்தது வருமானம். அவர்களுக்கு மேலிருந்த சாதியினரின் கோபத்தையும் தேடிக்கொண்டார்கள். எந்தப் பெண்களுக்காக நின்றார்களோ அவர்கள் இவர்களோடு பந்தியில் உட்காராத வீட்டுப் பெண்கள். தலைமுடியைத் தொழிலாகக் கொண்ட ஆண்கள், தங்கள் கையால் ஒரு பெண்ணுக்கு நேரும் கொடுமையைச் செய்ய மறுத்துக் கூடிய அந்தக் கூட்டத்தை, இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் வைக்க வேண்டும். சாரு குரானா வழக்கில் நின்ற சங்கத்துக்குத் தன் நகரத்திலேயே இப்படியொரு முன்னோர் மரபு இருந்தது.

தீர்ப்பு தொடாதவை

வீழ்ந்த வேலிக்கு இரண்டு பக்கம் உண்டு. பெண்கள் முகத்துக்குப் போகும் பக்கம் வழக்காயிற்று. ஆண்கள் முடிக்கு வரும் பக்கம் வழக்காகவில்லை. எனக்குச் சிகைக் கலைஞர் அட்டை தரவில்லை என்று எந்த ஆணும் இந்த மனுவில் வந்து நிற்கவில்லை. தீர்ப்பின் தர்க்கம் அவருக்கும் பொருந்தும். கேட்டிருந்தால் மறுத்திருக்க முடியாது. குறைந்த கூலி உள்ள அறைக்குள் நுழைய அனுமதி கேட்டு யாரும் உச்ச நீதிமன்றம் வரை போவதில்லை.

அட்டை கிடைப்பது வேறு, அழைப்பு வருவது வேறு. படக்குழுவை அமைப்பவர் தனக்குப் பழகியவரைத்தான் முதலில் கூப்பிடுவார். அந்தப் பழக்கம் 60 ஆண்டுகளாக ஆண்களைச் சுற்றியே வளர்ந்தது. எந்த நீதிமன்றமும் அதற்கு 4 வாரக் கெடு வைக்க முடியாது. தளத்தில் பெண் தொழிலாளிக்கு வேறு தடைகளும் உண்டு. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019 டிசம்பரில் கொடுக்கப்பட்டு 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. படப்பிடிப்பு இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்ற இடமும் இல்லாததை அது பக்கம் பக்கமாகப் பேசுகிறது. நாயகிக்கு வேன் உண்டு. அவளுடைய சிகையைப் பார்க்கிற பெண், அந்த வேனின் கதவு தனக்கும் திறக்குமா என்று நாயகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவர்களையெல்லாம்விட என் நினைவில் தங்குபவர்கள் 2014க்கு முன்பே பணிக்காலத்தைக் கழித்துவிட்டவர்கள். இருபதிலோ இருபத்தைந்திலோ தூரிகை பிடிக்க ஆசைப்பட்டுத் தளத்துக்கு வந்து, சங்கம் கொடுத்த ஒரே அட்டையை வாங்கிக்கொண்டு, முப்பது ஆண்டுகள் முடிக்குள் கையை வைத்திருந்த பெண்கள். அவர்களில் பலர் அந்த வேலையை நேசிக்கவும் செய்தார்கள். அதில் மேதைகளாகவும் ஆனார்கள். எழுத்தோட்டத்தில் அவர்கள் பெயர் ஒப்பனைக் கலைஞரின் பெயருக்குக் கீழே சிறிதாக வந்தது, பல படங்களில் வரவேயில்லை. பழைய படங்களைப் பார்க்கும்போது நான் இப்போது நாயகியின் கொண்டையைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒரு பாட்டு முழுக்க ஆடியும் ஊசி ஒன்றுகூட நழுவாமல் நிற்கிறது.